டயாலிசிஸ் வார்டு வாசல்ல உக்காந்து என்னத்த வரையறது?

மாடிப்படி

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வந்துட்டிருந்தேன், இன்னிக்கு ஒரு கேள்வி. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

அம்மாவுக்கு 14 மாசமா டயாலிசிஸ். வாரத்துக்கு 3 நாள், ஒரு தடவைக்கு 4 மணி நேரம், ஆட்டோல போக வர, முடிஞ்சப்புறம் ஊசி எடுத்த இடத்துல ரத்தம் நிக்கிற வரைக்கும் அமுத்திப் பிடிச்சு உக்கார, எல்லாம் சேத்தா அன்னிக்கு பொழுது அவ்வளவுதான். மீதி நாள்ல, ரத்தத்துல பொட்டாசியம் ஏறக் கூடாதுன்னு காயை வேகவெச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டு சமைக்கிறது, குடிக்கிற தண்ணிய டம்ளர்ல அளந்து குடுக்குறது, இளநி கேட்டா கூடாதுன்னு சண்டை போடறது, இப்படியே ஓடுது. அண்ணன் வெளியூர், பணம் அனுப்புறான், அதுல குறை சொல்ல மாட்டேன்.

நான் முன்னாடி குழந்தைங்க கதைக்கு படம் போட்டுக் குடுத்துட்டிருந்தேன், பக்கத்துக்கு இவ்வளவுன்னு. பெரிய ஆளெல்லாம் இல்ல, ஆனா யானையும் எலியும் நல்லா வரும். இந்த 14 மாசத்துல ஒரு கோடு வரல. பாக்கறவங்க எல்லாம் "நீ வரையறவளாச்சே, வரை, மனசு லேசாகும், கலைதான் நம்பிக்கை தரும்"ன்னு சொல்றாங்க. ஒருத்தங்க நல்ல ஸ்கெட்ச் புக்கே வாங்கிக் குடுத்துட்டாங்க. அந்த வெள்ளைப் பேப்பரை பாத்தாலே எரிச்சலா வருது, அம்மாவை உள்ள படுக்க வெச்சுட்டு நான் வெளிய உக்காந்து பூ வரையணுமான்னு இருக்கு.

கேள்வி இதுதான். உங்களுக்கு நெஜமாவே கஷ்ட காலத்துல கலை ஏதாவது பண்ணுச்சா? பண்ணலன்னாலும் சொல்லுங்க. பொன்மொழி மட்டும் வேண்டாம், வாட்ஸப்ல தினம் காலைல சூரியன் படத்தோட வருது.

வெண்ணாறு

மேடம் தினமும் 10 நிமிஷம் டைரி எழுதிப் பாருங்க. எனக்கு வேலை போனப்ப ரொம்ப உதவுச்சு.

மாடிப்படி

நன்றிங்க. எழுதிப் பாத்தேன். "பொட்டாசியம் 5.9"ன்னு மட்டும்தான் வருது.

சிகரம்தொடு

சகோதரி, மனம் தளராதீர்கள். கஷ்டம்தான் கலைஞனை உருவாக்குது. வான்கோ மனநல விடுதில இருந்துதான் நட்சத்திர இரவை வரைஞ்சார். வலிதான் அவருக்கு தூரிகை. உங்க வலியையும் வண்ணமா மாத்துங்க.

கத்திரி

சிகரம் அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இந்த வான்கோ கதைய எல்லாரும் தலைகீழா சொல்றாங்க. அவர் சான் ரெமி விடுதிக்கு 1889 மே மாசம் போனார், ஒரு வருஷம் இருந்தார், அந்த ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட 150 படம் போட்டார், அது சரி. ஆனா நோய் முத்தி விழுந்த நாள்ல அவரால ஒண்ணும் போட முடியல, வாரக்கணக்கா படுத்துட்டார், அப்புறம் கொஞ்சம் தெளிஞ்சா மறுபடி பிரஷ்ஷை எடுப்பார். வலி விட்டு வெச்ச நாள்ல போட்ட படங்க அதெல்லாம். இன்னொண்ணு, பெயின்ட்டு, கான்வாஸ், விடுதிச் செலவு எல்லாம் தம்பி தியோ கணக்கு. ஒருத்தன் மாசாமாசம் காசு அனுப்புனதாலதான் நட்சத்திரமே வந்துச்சு. அதை யாரும் போஸ்டர் போட மாட்டேங்கறாங்க.

மாடிப்படி, உங்களுக்கு நான் சொல்ல நெனைக்கிற ஆள் வேற. வினோத் பிகாரி முகர்ஜி. ஓவியர், தாகூரோட சாந்திநிகேதன்ல கலாபவனம்ங்கற ஓவியப் பள்ளில வாத்தியார், சினிமா எடுத்த சத்யஜித் ராய் அவர்கிட்ட படிச்சவர். பொறந்ததுல இருந்தே ஒரு கண்ணு தெரியாது, இன்னொரு கண்ணுல கடுமையான கிட்டப்பார்வை. அந்த ஒத்தக் கண்ணை வெச்சுட்டு 1946-47ல அங்கேயே இருக்கற இந்தி பவன் கட்டடத்து சுவர் முழுக்க இடைக்கால பக்திக் கவிகளை வரைஞ்சார், பெரிய சுவர், ஈரச் சுண்ணாம்புல நேரா வரையறது, காயறதுக்குள்ள முடிக்கணும், அழிச்சு எழுத முடியாது. அப்புறம் 1950கள்ல பின்பாதில கண்ணுல ஆபரேஷன் பண்ணப்போய் இருந்த பார்வையும் போயிடுச்சு.

அதுக்கப்புறம் அவர் என்ன பண்ணார்ங்கறதுதான் எனக்கு பிடிச்ச விஷயம். கண்ணு தெரியாதவன் இனிமே ஓவியத்தை விட்டுட்டு பாட்டு கத்துக்கலாம்னு போகல, ஏற்கெனவே போட்டுட்டிருந்த மாதிரியே போடணும்னும் அடம் பிடிக்கல. காகிதத்தை எடுத்து விரலால மடிச்சார், மடிப்பை தடவிப் பாத்தா கோடு எங்க போகுதுன்னு தெரியும்ல, அப்புறம் கத்திரியால வெட்டி ஒட்டினார். களிமண்ணுல சின்னச் சின்ன உருவம் பண்ணார். 1972ல கலாபவனத்துல ஓடு பதிச்சு ஒரு சுவர் வேலையே முடிச்சார். அதே வருஷம்தான் ராய் அவரைப் பத்தி ஒரு சின்ன ஆவணப்படம் எடுத்தார், கெடைச்சா பாருங்க, ஒரு இடத்துலகூட அழ வைக்க மாட்டார்.

(சும்மா ஒரு சேதி: அந்த இந்தி பவன் சுவர் வேலைல கூட மாட நின்ன மாணவர்கள்ல ஒருத்தர், பின்னாடி பெரிய ஓவியரான கே.ஜி. சுப்ரமணியன். மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல பொருளாதாரம் படிச்சுட்டிருந்தவர், வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல ஜெயிலுக்குப் போனதால அரசாங்க காலேஜ் கதவு சாத்திக்கிச்சு, அதனாலதான் சாந்திநிகேதன் பக்கம் போனார். ஒரு கதவு சாத்துனா இன்னொண்ணு தெறக்கும்னு சொல்லப்போறதில்ல, பயப்படாதீங்க.)

நான் சொல்ல வர்றது, அந்த ஸ்கெட்ச் புக்கை தூக்கி பரண்ல போடுங்க. அது பழைய ஆளோட சாமான். இப்ப இருக்கற ஆளுக்கு கைல என்ன இருக்குன்னு பாருங்க.

மாடிப்படி

கைல டிஷ்யூ பேப்பரும் மருந்து பில்லும்தான் இருக்கு 🙂 ஆனா "பழைய ஆளோட சாமான்"ங்கறது உள்ள போய் உக்காந்துடுச்சு. நன்றி.

செங்கம்பையன்

எல்லாரும் மன்னிச்சுக்குங்க, நான் கொஞ்சம் கடுப்பா பேசப்போறேன்.

எங்கப்பா தெருக்கூத்து ஆடறவர். 30 வருஷமா கட்டை (மரத்துல செஞ்ச வேஷ நகை) கட்டி ஆடறார். எங்க பக்கம் பாரதக் கூத்து பங்குனி சித்திரை வைகாசிலதான், அந்த மூணு மாசத்து வருமானம்தான் வருஷத்துக்கே சோறு. 2020 மார்ச் 25 ஊரடங்கு. எண்ணிப் பாருங்க, பங்குனி. தீமிதிக்கு கொடி ஏத்தின ஊர்லகூட நிறுத்திட்டாங்க. வாங்கின அச்சாரத்தை திருப்பிக் கேட்டு ஆள் வந்தாங்க, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது. ஜமால, அதான் கூத்துக் குழுல, 12 பேர். மிருதங்கம் அடிக்கிறவர் செங்கல் சூளைக்கு போனார், பொம்பள வேஷம் கட்றவர் மீன் வித்தார், எங்கப்பா சித்தாள் வேலை. நலவாரிய அட்டைய புதுப்பிக்காம விட்டது அவர் தப்பு, அதனால அந்தப் பக்கமும் ஒண்ணும் வரல. அடுத்த வருஷம் 21லயும் அதே சீசன்ல ரெண்டாவது அலை.

அப்ப யாராவது வந்து "கலை நம்பிக்கை தரும்"ன்னு எங்கப்பாகிட்ட சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியல. மத்தவங்களுக்கு கஷ்டம் வந்தா கலைக்கிட்ட போவாங்க, கலையே தொழிலா இருக்கறவனுக்கு கஷ்டம் வந்தா அவன் யார்கிட்ட போவான்? டவுன்ல இருக்கவங்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. அவ்ளோதான்.

பழையவாசகன்

தம்பி, நீங்க சொல்றதுல ஒரு வார்த்தையும் மறுக்க முடியாது. ஆனா சோறும் கலையும் எதிரெதிரா நிக்கணும்னு இல்ல, மெட்ராஸ்லயே இதுக்கு ஒரு விடை கண்டுபிடிச்சவங்க இருக்காங்க.

அறுபதுகள்ல அரசு ஓவியக் கல்லூரில கே.சி.எஸ். பணிக்கர் முதல்வர். அவருக்கு ஒரு கவலை. நல்லா வரையற பசங்க படிச்சு முடிச்சதும் வயித்துப் பாட்டுக்கு ஏதாவது ஆபீஸ்ல சேந்துடறான், அப்புறம் வரையறதே இல்ல. அப்ப படம் வாங்க இங்க ஆள் ஏது. அவரும் மாணவர்களும் சேந்து ஒரு கைவினைச் சங்கம் ஆரம்பிச்சாங்க, பத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலைன்னு பண்ணி வித்தாங்க. அந்தக் காசை சேத்து 1966ல ஈஞ்சம்பாக்கத்துல கடலோரமா நெலம் வாங்கினாங்க, அதுதான் சோழமண்டலம். இப்ப ஈசிஆர்ல அந்தப் பக்கம் போனா நெலத்து விலை கேட்டு மயக்கம் வரும், அன்னிக்கு வெறும் மணலும் சவுக்கும்தான். நாள்ல ஒரு பங்கு பத்திக்குக்கு, மீதி தன் படத்துக்கு. யாருக்கும் கை கட்டி நிக்கல.

பத்திக் வேலைய கிட்ட பாத்திருக்கீங்களா? மெழுகை உருக்கி துணில கோடு போடுவாங்க, மெழுகு பட்ட எடத்துல சாயம் ஏறாது. ஒரு சாயம், காய வை, மறுபடி மெழுகு, அடுத்த சாயம். சாயம் சூடா இருக்கக் கூடாது, இருந்தா மெழுகு உருகி எல்லாம் போச்சு. துணிய கசக்கினா மெழுகுல விரிசல் விடும், அந்த விரிசல்ல சாயம் பூந்து நரம்பு மாதிரி கோடு ஓடும், அது எப்படி வரும்னு செய்றவனுக்கே தெரியாது. அத்தனை அழகும் அந்த விரிசல்லதான். வித்துப் பொழைக்கத்தான் பண்ணாங்க, ஆனா அதுலயே சில பேர் கைக்கு புதுசா கோடும் கெடைச்சுது.

அதுக்காக உங்கப்பாவுக்கு பத்திக் போடச் சொல்லல தம்பி. கூட்டா இருந்தாங்க பாருங்க, அது முக்கியம். தனியா ஒருத்தன் பண்ணியிருந்தா ஒரு செண்டுகூட வாங்கியிருக்க முடியாது.

செங்கம்பையன்

ஐயா நீங்க பொறுமையா சொன்னதால நானும் ஒண்ணு சொல்றேன், சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்.

சித்தாள் வேலைக்கு போயிட்டு வந்து ராத்திரி எங்கப்பா பெட்டிய தெறப்பார். கிரீடம், புஜக்கட்டை, மார்க்கட்டை எல்லாம் மரத்துல செதுக்கி கண்ணாடிச் சில்லு ஒட்டினது, வருஷத்துக்கு நாலஞ்சு உதிர்ந்துடும். அதை ஒண்ணொண்ணா ஒட்டுவார். ஆடறதுக்கு எங்கயும் இல்ல, எப்ப வரும்னும் தெரியாது, அம்மா திட்டும், "பசைக்கு காசு கேக்குதா உனக்கு"ன்னு. ஒரு நாள் நான் கேட்டேன் எதுக்குப்பா இப்பன்னு. "பூச்சி அரிக்கும்டா"ன்னார். அவ்ளோதான் அவர் பதில்.

நான் இதை நம்பிக்கைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நேரத்துல அவர் மூஞ்சி சித்தாள் மூஞ்சியா இல்ல. அதை ஒத்துக்கறேன்.

கத்திரி

தம்பி இந்த "பூச்சி அரிக்கும்டா"வுக்கு மேல இந்த இழைல யாரும் எழுத முடியாது, நான் கெளம்பறேன் 😀

அணில்முடி

நான் போர்டு எழுதறவன், திண்டுக்கல் பக்கம், இப்ப எழுதறது இல்ல, ஃப்ளக்ஸ் வந்தப்புறம் எங்க ஆளுங்க பாதி பேர் டிசைன் சென்டர்ல மவுஸ் பிடிச்சாங்க மீதி பேர் வீட்டுக்கு வெள்ளை அடிக்க போயிட்டாங்க, நான் வெள்ளை அடிக்கப் போனவன். சுவத்துல நூலை சாக்பீஸ் பொடில தோச்சு இழுத்து சுண்டினா நேர்கோடு விழும் பாருங்க அந்த சத்தம், அதுதான் எனக்கு பிடிக்கும், அப்புறம் அணில் முடி பிரஷ்ஷால "ழ"வுக்கு கீழ அந்த சுழி. ஒரு எழுத்து சரியா விழுந்தா அன்னிக்கு பூரா பசிக்காது. வேலை இல்லாத காலத்துல நான் என்ன பண்ணேன்னா தெருல ஓடற தள்ளுவண்டிக்கெல்லாம் சும்மா பேர் எழுதிக் குடுத்தேன், இட்லி வண்டி, பழ வண்டி, அயன் வண்டி, காசு வாங்கல, இட்லிக்காரம்மா மட்டும் நாலு இட்லி கட்டிக் குடுக்கும். எதுக்கு சொல்றேன்னா மேடம் உங்களுக்கு வெள்ளைப் பேப்பர் பயமா இருக்குன்னா வெள்ளையா இல்லாத எடத்துல எழுதுங்க, எனக்கும் வெள்ளைச் சுவர்னா கை நடுங்கும், பழைய போஸ்டர் ஒட்டின சுவர்னா தைரியமா போகும்.

மாடிப்படி

அண்ணே, இதை படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். மருந்து பில்லோட பின்பக்கம் வெள்ளையா இல்ல, முன்பக்கத்து எழுத்து லேசா தெரியுது. இன்னிக்கு அதுல வரையல. ஆனா எடுத்து மடிச்சு பைல வெச்சுருக்கேன்.

சிகரம்தொடு

எல்லாரும் என்னை கலாய்ச்சுட்டீங்க, பரவால்ல. ஆனா ஒரு கேள்வி. கலையால நம்பிக்கை வராதுன்னா இத்தனை பேர் ஏன் இத்தனை வருஷமா பண்றாங்க? பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் இல்லையா? வீல் சேர்ல உக்காந்து வண்ணக் காகிதம் வெட்டினாரே. அது நம்பிக்கை இல்லாம என்ன?

கத்திரி

கெளம்பறேன்னு சொன்னேன், விட மாட்டேங்கறீங்களே.

மத்தீஸ் நல்ல உதாரணம்தான், ஒத்துக்கறேன். 1941ல வயித்துல புத்துநோய்க்கு ஆபரேஷன், 71 வயசு, பொழைப்பார்னு யாரும் நெனைக்கல. பொழைச்சார், ஆனா அதுக்கப்புறம் பெரும்பாலும் படுக்கை இல்லன்னா சக்கர நாற்காலி. ஈசல் முன்னாடி நிக்க முடியல. உதவியாளர்கள் காகிதத்துல வண்ணம் பூசிக் குடுப்பாங்க, இவர் பெரிய கத்திரியால வெட்டுவார், எங்க ஒட்டணும்னு அவர் சொல்ல அவங்க சுவத்துல குண்டூசி குத்தி வைப்பாங்க. சொல்லப்போனா அதுவும் ஒரு கூட்டு வேலை, பழையவாசகன் ஐயா சொன்ன மாதிரி.

ஆனா அந்தக் கலர்கலரான காகிதத்தை அவர் தீவிரமா வெட்ட ஆரம்பிச்சது எந்த வருஷம் தெரியுமா? 1943-44. பிரான்ஸ் ஜெர்மன்காரன் கைல. 44ல அவர் மனைவியையும் பொண்ணையும் எதிர்ப்பு இயக்கத்துக்கு வேலை பாத்தாங்கன்னு ஜெர்மன் ரகசிய போலீஸ் கெஸ்டாபோ பிடிச்சுட்டு போச்சு, பொண்ணை சித்திரவதை பண்ணாங்க. இவர் தெக்குல உக்காந்துட்டு அவங்க இருக்காங்களா இல்லையான்னு தெரியாம இருந்தார். அப்ப அவர் மனசுல நம்பிக்கை இருந்துச்சா பயம் இருந்துச்சான்னு காகிதத்தை பாத்து நமக்கு எப்படி தெரியும்? எனக்கு தெரிஞ்சது ஒண்ணுதான், கை ஓடிக்கிட்டிருந்துச்சு. நம்பிக்கைங்கறது சில பேருக்கு முன்னாடி வருது, சில பேருக்கு பின்னாடி வருது, சில பேருக்கு வராமயே வேலை நடக்குது. மாடிப்படிக்கு முன்னாடி வரல, அதனால அவங்கள குத்தவாளி மாதிரி நிக்க வெக்காதீங்க, அதான் என் சண்டை.

சிகரம்தொடு

சரி சரி. நாம சொல்ற ஆறுதல் கேக்கறவங்களுக்கு பாரமா இருக்கும்னு இதுவரைக்கும் எனக்கு தோணினதே இல்ல. சாரி சகோதரி.

மாடிப்படி

அய்யோ சாரியெல்லாம் வேண்டாம்ணே. நீங்க ஆரம்பிச்சு வெச்சதாலதானே இவ்வளவும் வந்துச்சு.

கடல்நண்டு

அக்கா, நான் யாழ்ப்பாணம். இதை எழுதுறதோ விடுறதோ எண்டு ரெண்டு நாளா யோசிச்சனான்.

95ல யுத்தத்தால யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த நேரம் எனக்கு 11 வயசு. அதுக்கு முதலே எங்களுக்கு கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் ஆனைவிலை. ஜாம் போத்தலுக்குள்ள துளி எண்ணெய் விட்டு திரி போட்டு அந்த வெளிச்சத்திலதான் படிப்பு. பாட்டுக் கேக்கோணும் எண்டால் சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்தோணும், டைனமோ கரண்ட்டில ரேடியோ பாடும். சுத்துறவர் களைச்சா பாட்டும் இழுபடும். இப்பவும் சில பழைய பாட்டுகள் எனக்கு அந்த இழுவையோடதான் ஞாபகம் வரும், சரியான வேகத்தில கேட்டா பிழையாப் பாடுற மாதிரி இருக்கும்.

ஒக்டோபர் 30 இரவு ஊரே வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தில சனம் நெருக்கி அடிச்சு நிண்டது. நாங்கள் பாலத்துக்கு அங்கால, தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தம். அங்க இருக்கேக்க ஐயா என்ர கொப்பியை வாங்கி எங்கட வீட்டின்ர படம் கீறினார். ஐயாவுக்கு கீற வராது, அவர் கடை வைச்சிருந்தவர். மேலயிருந்து பாக்கிற மாதிரி, விறாந்தை, சாமியறை, குசினி, கிணத்தடி, பின்னால மாமரம். அம்மா பாத்திட்டு கிணறு அங்க இல்லை, இன்னும் இஞ்சால எண்டா. ஐயா இல்லையெண்டார். ரெண்டு பேரும் கிணத்துக்காக அரை மணித்தியாலம் சண்டை, பக்கத்தில படுத்திருந்த சனமெல்லாம் சிரிச்சது. இடம்பெயர்ந்த பிறகு நான் அண்டைக்குத்தான் முதல்முதல் ஆக்கள் சிரிச்சுக் கண்டது.

பிறகு பெரியாளாகி, எங்கட ஓவியர் சனாதனன் 2011ல கொண்டுவந்த ஒரு புத்தகம் பாத்தன். இடம்பெயர்ந்த சனத்திட்ட போய் விட்டுட்டு வந்த வீட்டை நினைவில இருந்து கீறச்சொல்லி, அதைக் கட்டடக்காரர் கீறுற மாதிரித் திருப்பிக் கீறி, அதோட தன்ர ஓவியத்தையும் வைச்சிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலயும் எங்கட ஐயா இருந்தார். கீறத் தெரியாத ஆக்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் கிணத்தைக் கீறினம், சின்ன வட்டம்.

நாங்கள் திரும்பிப் போனாப்பிறகு கிணறு அம்மா சொன்ன இடத்திலதான் இருந்தது. ஐயா கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை.

அணில்முடி

தம்பி...

பழையவாசகன்

படிச்சேன். ரெண்டு தடவை.

தூக்கம்வராதவள்

இடைல ஒண்ணு சொல்லிக்கறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. நான் மாமியாரை 3 வருஷம் படுக்கைல பாத்துக்கிட்டேன். எனக்கும் முதல்ல எரிச்சல்தான் வந்துச்சு, அப்புறம் தூக்கம் போச்சு, அப்புறம் சாப்பாடு ருசி போச்சு, நான் அதை சோம்பேறித்தனம்னு நெனைச்சுட்டேன். அது நோய், டாக்டர் பாத்து மருந்து குடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது. மாடிப்படி, உங்களுக்கு அப்படி இருக்கான்னு தெரியல, இருந்தா படம் வரைஞ்சு சரி பண்ணப் பாக்காதீங்க. டெலி மானஸ்னு அரசாங்க இலவச நம்பர் இருக்கு, 14416, தமிழ்லயே பேசுவாங்க. நான் ராத்திரில பேசியிருக்கேன்.

மாடிப்படி

அக்கா நன்றி. தூக்கம் எனக்கும் சரியில்லதான். நம்பரை எழுதி வெச்சுக்கிட்டேன், நெஜமாவே.

மாடிப்படி

மூணு வாரம் கழிச்சு வரேன். என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல.

முதல்ல, அந்த நம்பருக்கு பேசினேன், ஒரு டாக்டரையும் பாத்தேன். அது தனிக் கதை, நல்லாத்தான் போகுது.

கடல்நண்டு எழுதினதை அம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன். மெஷின் ஓடிட்டிருந்தப்ப. அம்மா கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல, கொஞ்ச நேரம் கழிச்சு "அந்த அம்மா சொன்னதுதான் சரியா இருக்கும், கிணத்துல தண்ணி எறைச்சது அவதானே"ன்னாங்க.

அப்புறம் பக்கத்து பெட் மாமா, அவர் 6 வருஷமா வர்றவர், பேரன் ஸ்கூல்ல கோலப்போட்டிக்கு பெரிய கோலம் ஏதாவது தெரியுமான்னு பொதுவா கேட்டார், சிஸ்டர்கிட்ட. எங்கம்மா ஒரு காலத்துல மார்கழில தெருவையே அடைச்சு கோலம் போடற ஆளு. இப்ப இடது கைல ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ஆபரேஷன் பண்ணி ரத்தக் குழாயை சேத்து வெச்ச இடம்), அந்தக் கையால கனம் தூக்கக் கூடாது, குனிஞ்சா தலை சுத்தும், வாசல்ல கோலம் போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. அம்மா கண்ணை மூடிட்டே சொன்னாங்க, "பேப்பர் இருக்கா, எழுதிக்க. இடுக்குப் புள்ளி, 15-ல ஆரம்பிச்சு 8-ல நிறுத்து."

பைல மருந்து பில் இருந்துச்சு. பால்பாயின்ட் பேனா சிஸ்டரோடது.

நடுவுல 15 புள்ளி, மேலயும் கீழயும் 14, அப்புறம் 13, இப்படியே ரெண்டு பக்கமும் 8 வரைக்கும். 14 மாசத்துல நான் போட்ட முதல் கோடு, கோடுகூட இல்ல, புள்ளி. ஒரு பில்லு பத்தல, ரெண்டை சேத்து ஒட்டினோம், அவங்க கைல ஒட்டற அதே பிளாஸ்டர். அம்மா படுத்த வாக்குல தலைகீழா பாத்துட்டு "மூணாவது வரிசைல ஒரு புள்ளி கொறையுது"ன்னாங்க. எண்ணினேன். கொறைஞ்சுது.

அப்புறம் சேக்கறது. அதுல நான் தப்பு மேல தப்பு. "மூணு புள்ளிய விட்டு வளை, அங்க இல்ல, கண்ணு எங்க இருக்கு உனக்கு"ன்னு திட்டு. அம்மா என்னை இப்படி திட்டி ரொம்ப நாள் ஆச்சு, இப்பல்லாம் பாவம்னு பேசறதையே கொறைச்சுட்டாங்க. பாதி கோலம் ஆகறதுக்குள்ள மெஷின் பீப் அடிச்சுது, 4 மணி நேரம் முடிஞ்சுது. எப்பவும் மூணாவது மணி நேரத்துலயே "இன்னும் எவ்வளவு நேரம்டி"ன்னு கேக்க ஆரம்பிச்சுடுவாங்க, அன்னிக்கு கேக்கல. எனக்கும் வீட்டுக்கு வந்தப்புறம்தான் அது உறைச்சுது.

சோர்வு அதே சோர்வுதான், பொட்டாசியமும் கொறையல. வீட்ல இன்னும் ஸ்கெட்ச் புக்கை தொடல. யானை வரல.

அணில்முடி

15-ல இருந்து 8-ன்னா மொத்தம் 169 புள்ளி மேடம், எண்ணிப் பாத்துட்டேன், ராத்திரி வேலை இல்லாம இருந்தேன்.

கடல்நண்டு

அக்கா அம்மாட்ட சொல்லுங்கோ, எங்கட அம்மாவும் அதையேதான் சொன்னவ. தண்ணி அள்ளினது நான் எண்டு.

செங்கம்பையன்

அக்கா அந்த கோலம் முடிஞ்சா இங்க போட்டோ போடுங்க.

இந்த வருஷம் பங்குனில அப்பாவுக்கு ரெண்டு ஊர் புக் ஆயிருக்கு, ஒண்ணுல அர்ச்சுனன் தபசு, மரம் ஏறணும், 58 வயசு, முட்டி வலி, நாங்க வேண்டாம்னு சொன்னா கேக்கல. இன்னும் ஒரு மார்க்கட்டைல கண்ணாடி ஒட்டணுமாம், பசை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார்.

மாடிப்படி

வாங்கிக் குடுங்க தம்பி. இங்க வியாழக்கிழமை மீதி பாதிய போடறோம். அம்மா இப்பவே சொல்லிட்டாங்க, பில்லு பேப்பர் வேண்டாமாம், "அந்த நல்ல நோட்டு ஒண்ணு சும்மாதானே கெடக்கு, அதை எடுத்துட்டு வா"ன்னு.

பரண்ல ஏறி தேடணும்.